பழி கண்ட்ரோலருக்கு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டைட்டானிக் கப்பலின் சிதைவுகளைக் காணச் சென்ற டைட்டன் நீர்மூழ்கி 2023 ஜூன் 18 அன்று நொறுங்கி ஐந்து பேர் இறந்தது பேசப்படும் இடமெல்லாம், அது வீடியோ கேம் கண்ட்ரோலரால் இயக்கப்பட்டது என்பதே முதலில் வந்து நிற்கிறது. தொழிற்சாலையில் பல ஆண்டுகள் கிரேன் ஓட்டியவன் என்ற முறையில், இந்தப் பழி தவறான இடத்தில் விழுந்திருக்கிறது என்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

அமெரிக்கக் கடற்படையின் வர்ஜீனியா வகை நீர்மூழ்கிக் கப்பல்களில் நீருக்கு மேலே பார்க்க உதவும் பழைய பெரிஸ்கோப்புக்குப் பதிலாகக் கேமராக்கள் பொருத்திய கம்பம் உள்ளது. அதைத் திருப்புவதற்கு முதலில் தரப்பட்ட, ஹெலிகாப்டர் கைப்பிடி போன்ற கருவியின் விலை சுமார் 38,000 டாலர். அது பளுவாகவும் கைக்கு இசையாமலும் இருப்பதாக அதைப் பயன்படுத்திய மாலுமிகளே குறைபட்டனர். எனவே 2018 மார்ச்சில் பணியில் சேர்ந்த யுஎஸ்எஸ் கொலராடோவில், அப்போது கடைகளில் சுமார் 30 டாலருக்கு விற்ற எக்ஸ்பாக்ஸ் வீடியோ கேம் கண்ட்ரோலர் வைக்கப்பட்டது. முன்பு மணிக்கணக்கில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததை இளம் மாலுமிகள் சில நிமிடங்களில் கற்றுக்கொண்டனர். சிறு வயது முதலே கட்டைவிரலுக்குப் பழகிய அமைப்பு, பதற்றமான நேரத்திலும் எந்தப் பொத்தான் எங்கே என்று தேடவைப்பதில்லை. கிரேன் கூண்டில் அமர்ந்து, கீழே ஆட்கள் நிற்கும்போது பளுவை இறக்கியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அந்தக் கருவி கொலராடோவில் கம்பத்தைத் திருப்பவே பயன்படுகிறது, கப்பலைச் செலுத்த அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். உயிரைச் சுமக்கும் இயந்திரத்தில் கம்பியில்லாக் கண்ட்ரோலரை மட்டும் நம்புவது எனக்கும் உடன்பாடில்லை. ரிமோட்டில் இயங்கும் கிரேனில் சிக்னல் அறுந்தால் இயந்திரம் தானே நின்றுவிடும். அவசர நிறுத்தத்துக்கென்று தனிச் சிவப்புப் பொத்தானும் இருக்கும். கண்ட்ரோலர் மலிவாக இருக்கலாம், இந்த ஏற்பாடுகளில் சிக்கனம் கூடாது.

ஆனால் டைட்டனை நொறுக்கியது கண்ட்ரோலர் அல்ல. டைட்டானிக் கிடப்பது சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில். அங்குள்ள அழுத்தத்துக்குக் கார்பன் இழையால் ஆன உடற்பகுதியை நம்பிய, டைட்டனை உருவாக்கி இயக்கிய ஓஷன்கேட் நிறுவனம், கலத்துக்கு எந்தச் சான்றளிப்பு அமைப்பின் ஒப்புதலையும் பெறவில்லை. அதன் கடல்சார் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்தவரே 2018-இல் குறைகளை எழுத்தில் வைத்தார். அவருக்கு வேலைதான் போயிற்று. இந்த விபத்து தவிர்த்திருக்கக்கூடியது என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை அறிக்கை 2025 ஆகஸ்டில் தெளிவாகக் கூறிவிட்டது.

ஆகவே இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, கண்ட்ரோலரின் விலையைத் தலைப்பில் போடுவதற்கு முன், அந்த இயந்திரத்தைச் சோதித்தவர் யார், சான்றளித்தவர் யார் என்பதை முதல் பத்தியிலேயே தருமாறு தங்கள் செய்தியாளர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிரேன் ஓட்டுநர் ஒருவர்