உணவு, ஒயின் திருவிழாவில் அளவில்லாத குடி: இரண்டாவது புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, ஆர்லாண்டோ, ஃபுளோரிடா

ஐயா / அம்மா, வணக்கம்.

அக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் உங்கள் கேளிக்கைப் பூங்காவின் உணவு, ஒயின் திருவிழாவில் நடந்தது பற்றி நான் ஆங்கிலத்தில் அனுப்பிய புகாருக்கு உங்கள் பதில் வந்து சேர்ந்தது. "உங்கள் அனுபவம் எதிர்பார்த்தபடி அமையாததற்கு வருந்துகிறோம்" என்று நாலு வரி, அதற்குக் கீழே ஒரு தள்ளுபடிச் சீட்டு. அந்தச் சீட்டு எங்கே செல்லும் என்று பார்த்தேன். திருவிழாக் கடைகளில் மட்டும்தான் செல்லுமாம், பானங்களுக்கும் உண்டாம். குடி பற்றிப் புகார் சொன்னவனுக்கு நீங்கள் கொடுக்கிற நஷ்டஈடு இன்னும் இரண்டு கோப்பை. என் கடிதத்தை ஒருவர்கூட வாசிக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. எந்த மொழியிலும் எழுதலாம் என்று உங்கள் தளத்தில் போட்டிருப்பதால் இந்த முறை தமிழிலேயே எழுதுகிறேன், கோபப்பட எனக்கு இதுதான் வசதி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "மதுவே பிடிக்காத யாரோ" என்று ஒதுக்கிவிடுவீர்கள். ஒயின் நானும் குடிப்பேன். திருவிழாவில் மது விற்பதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. எவ்வளவு விற்கிறீர்கள், யாருக்கு விற்கிறீர்கள், எந்த நிலையில் இருக்கிற ஆளுக்கு விற்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் புகார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு மேல் ஏரிக்கரை நடைபாதையில் என் மனைவி, ஆறு வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா எல்லோரும் போய்க்கொண்டிருந்தோம். எதிரே ஒரே நிறச் சட்டை போட்ட ஒரு கூட்டம், பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். சட்டையின் முதுகில் கடைகளின் பட்டியல், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம், குடித்து முடித்த கடைக்கு எதிரே மார்க்கர் பேனாவால் டிக். ஏறக்குறைய எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. அதில் ஒருவர் தடுமாறி எங்கள் மேலேயே சாய்ந்தார், கையிலிருந்த பீர் முழுக்க என் அம்மாவின் சேலையில். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன், ஆனால் வந்தது வாந்தி. பக்கத்தில் நின்றிருந்த யாரோ ஒருவருடைய குழந்தை வண்டியின் சக்கரம் வரைக்கும் தெறித்தது. அந்தக் குழந்தையின் தந்தை கத்த, இவர் நண்பர்கள் பதிலுக்குக் கத்த, இரண்டு நிமிடத்தில் கைகலப்பு ஆகிற நிலை. என் மகள் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"டிக்கெட்டு வாங்கிட்டுத்தானடா உள்ள வந்திருக்காங்க, இவங்கள யாரும் கேக்க மாட்டாங்களா?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை, அதனால் உங்களுக்கு அனுப்புகிறேன்.

பக்கத்துக் கடையில் நின்ற பையனிடம் போய்ச் சொன்னேன். கல்லூரியில் படிக்கிற வயதுதான் இருக்கும். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை, இதை எழுதுவதால் அவனுக்குப் பிரச்சினை வந்துவிடக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன். "சனிக்கிழமை என்றால் இப்படித்தான் சார்" என்றான். பாதுகாப்பு ஆட்கள் வரக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. வந்தவர்கள் அந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். நாங்கள் கழிப்பறையில் சேலையை அலசிவிட்டுத் திரும்பியபோது அதே கூட்டம் இரண்டு கடை தள்ளி வரிசையில் நின்றது. வாந்தி எடுத்தவர் கையில் புதுக் கோப்பை.

அந்தக் கோப்பையை அவருக்கு ஊற்றிக் கொடுத்தது யார்? பார்க்கப்போனால் அந்தக் கடைக்காரர் மேலும் தவறு சொல்ல முடியாது. அவருக்கு இந்த ஆள் அன்றைக்கு முதல் தடவையாக வருகிறார். முந்தின கடையில் என்ன குடித்தார், அதற்கு முந்தின கடையில் என்ன குடித்தார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு சாதாரண பாரில் ஒரே ஆள்தான் ஊற்றுவார், நாலாவது தடவை கேட்கும்போது முகத்தைப் பார்ப்பார், பேச்சைக் கேட்பார், "போதும், தண்ணீர் குடிங்க" என்பார். உங்கள் திருவிழாவில் ஊற்றுகிறவர் கடைக்குக் கடை மாறுகிறார், குடிக்கிறவர் மட்டும் மாறுவதில்லை. கையில் கட்டுகிற காகிதப் பட்டை, 21 வயது ஆகிவிட்டது என்பதை மட்டும் சொல்கிறது. எத்தனையாவது கோப்பை என்று அது சொல்லாது.

கேட்டால் "எல்லாம் சாம்பிள் அளவுதான்" என்பீர்கள். உங்கள் முதல் பதிலிலேயே அந்த வாக்கியம் இருந்தது. அந்தச் சின்ன அளவுதான் ஆளைக் கவிழ்க்கிறது. அமெரிக்கக் கணக்கில் ஒரு 'டிரிங்க்' என்றால் 14 கிராம் சுத்த ஆல்கஹால்: 5 சதவீத பீரில் 12 அவுன்ஸ், 12 சதவீத ஒயினில் 5 அவுன்ஸ், 40 சதவீத விஸ்கி வகையில் ஒன்றரை அவுன்ஸ். உங்கள் ஒயின் சாம்பிள் 3 அவுன்ஸ் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 90 மில்லிகூட இல்லை, யாருக்கும் குடித்த மாதிரியே இருக்காது. பத்துக் கடையில் அதே 3 அவுன்ஸ் என்றால் ஆறு முழு டிரிங்க் ஆகிவிட்டது. பீர்க் கடைகளில் 8, 9 சதவீத பீரை வைத்திருக்கிறீர்கள், அங்கே 6 அவுன்ஸ் கோப்பையே ஏறக்குறைய ஒரு டிரிங்க். உடம்பு மணிக்கு ஏறத்தாழ ஒரு டிரிங்கைத்தான் கரைக்கும், அதை அவசரப்படுத்த முடியாது, காபி குடித்தாலும் நடந்தாலும் அப்படித்தான். ஆண் ஐந்து, பெண் நாலு, சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் அதை மிதமிஞ்சிய குடி என்று இந்நாட்டு அரசு ஆராய்ச்சி நிறுவனமே வகைப்படுத்தி வைத்திருக்கிறது. உங்கள் சாம்பிள் வரிசையில் ஒரு பாதி சுற்று வந்தாலே அந்த எண்ணை எட்டிவிடலாம், அதுவும் ஃபுளோரிடா வெயிலில், வியர்த்து ஊற்றுகிற உடம்போடு, வெறும் வயிற்றில் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் சாம்பிள் உணவு இரண்டு வாய்க்கு மேல் வராது.

அந்தக் குளிர்ந்த கலர் பானங்கள் தனிக் கதை. நீலமும் சிவப்புமாக ஐஸ் கூழ் போல ஊற்றித் தருகிறீர்களே, அது. ரம் கலந்ததும் கலக்காததும் ஒரே கோப்பை, ஒரே நிறம், ஒரே உறிஞ்சுகுழாய். "அப்பா, எனக்கும் அந்த நீலம்" என்று என் மகள் கேட்டபோது பலகையை நான் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. கூட்ட நெரிசலில் படிக்காமல் வாங்கிக் கொடுக்கிற தாத்தா பாட்டி இருக்கமாட்டார்களா? குறைந்தபட்சம் கோப்பையின் நிறத்தையாவது மாற்றித் தொலையுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான், அது எனக்குத் தெரியும். ஃபுளோரிடா சட்டத்தின் 768.125 ஆம் பிரிவுப்படி, குடிக்கும் வயது வந்த ஒருவருக்கு மது விற்றவர், அந்தப் போதையால் விளையும் சேதத்துக்குப் பொதுவாகப் பொறுப்பில்லை. வயது குறைந்தவர் என்று தெரிந்தே விற்றாலோ, குடிக்கு அடிமையானவர் என்று தெரிந்தே கொடுத்தாலோதான் சிக்கல். டெக்சாஸ் போன்ற மாநிலத்தில் இதே திருவிழாவை நடத்தியிருந்தால், கண்முன்னே நிற்க முடியாமல் ஆடுகிறவருக்கு ஊற்றிக் கொடுத்ததற்கு உங்கள் வக்கீல்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம். ஆர்லாண்டோவில் அந்தக் கவலை உங்களுக்குக் குறைவு. சரி, வழக்குப் போட நான் வரவில்லை. ஆனால் வாசலில் "குடும்பங்களுக்கான இடம்" என்று எழுதி வைத்துவிட்டு, உள்ளே சட்டத்தின் கடைசி வரி வரைக்கும் போய் விற்பது என்ன நியாயம்?

குடிக்காகவே நடக்கிற திருவிழாக்கள்கூட உங்களைவிடக் கவனமாக இருக்கின்றன. மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட் முழுக்க முழுக்க பீர் விழா, அங்கே 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் பெற்றோரோடு வந்தாலும் இரவு 8 மணிக்கு மேல் பீர் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஏழாவதோடு பீர் விற்பனையை நிறுத்துவது நெடுங்கால வழக்கம். 2023 இல் ஆட்ட நேரம் குறைந்ததும் சில அணிகள் அதை எட்டாவது வரை நீட்டின, உடனே பிலடெல்பியா அணியின் பந்துவீச்சாளர் மாட் ஸ்ட்ராம் வெளிப்படையாக எதிர்த்தார்: ரசிகர்கள் போதை தெளிந்து வண்டி ஓட்டிப்போகத்தானே அந்த இடைவெளி, ஆட்டம் சீக்கிரம் முடிகிறதென்றால் விற்பனையையும் முன்னால் அல்லவா நிறுத்த வேண்டும் என்று. உங்கள் பூங்காவில் மூடும் நேரம் வரை ஊற்றுகிறீர்கள். அதற்கு அப்புறம் எல்லோரும் ஒரே சமயத்தில் வாகன நிறுத்தத்துக்குப் போய், ஒரே சமயத்தில் ஐ-4 நெடுஞ்சாலையில் ஏறுகிறார்கள். ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் என்பது வண்டி ஓட்டுவதற்கான வரம்பு. அன்று இரவு எங்களுக்கு முன்னால் போன வண்டிகளில் எத்தனை அந்த வரம்புக்குள் இருந்தன என்று யோசித்துக்கொண்டேதான் நான் ஓட்டினேன். ஒரு மணி நேரப் பாதை, மெதுவாகப் போகிறவர்களுக்கான வலது ஓரத்தை விட்டு நகரவே இல்லை.

எங்கள் ஊரில் மதுக்கடையை அரசாங்கமே நடத்துகிறது. சாயங்காலம் குழந்தையோடு அந்த வழியாகப் போகிறவர்கள் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடப்பார்கள், அது எல்லோருக்கும் பழக்கம். உங்கள் பூங்காவில் அப்படிக் கடந்து போக எதிர்ப்பக்கம் இல்லை. இரண்டு பக்கமும் கடை, நடுவில் ஒரே பாதை, சிறுவர் சவாரிக்கும் அதே வழி, கழிப்பறைக்கும் அதே வழி.

எண்ணுவது கஷ்டம் என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் முன்கூட்டியே பணம் கட்டி வாங்கிய சாம்பிள் அட்டையை ஒவ்வொரு கடையிலும் ஸ்கேன் செய்தீர்கள். எத்தனை மீதி இருக்கிறது என்று உங்கள் செயலி உடனுக்குடன் காட்டியது, அடுத்து எந்தக் கடைக்குப் போகலாம் என்று யோசனை வேறு சொன்னது. கடைசி இரண்டு சாம்பிளை மறந்துவிடாதீர்கள் என்று மூடுவதற்கு முன்னால் அறிவிப்பு அனுப்பியது. ஆக எண்ணிக்கை உங்களிடம் இருக்கிறது, நிமிடக் கணக்கோடு இருக்கிறது. அதை விற்பதற்குப் பயன்படுத்துகிறீர்கள், நிறுத்துவதற்குப் பயன்படுத்தவில்லை. ஒரு மணி நேரத்தில் மூன்று மது சாம்பிளுக்கு மேல் அந்த அட்டை செல்லாது என்று வைத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? ரொக்கத்தில் வாங்குகிறவர்களுக்குக் கைப்பட்டையில் துளை போடலாம். கொஞ்சம் வருமானம் குறையும், அதுதானே உங்கள் தயக்கம்? இருக்கட்டும், அதையாவது நேராகச் சொல்லுங்கள்.

மூடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக மது விற்பனை நிற்க வேண்டும். கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகத் தருகிறீர்கள், நல்லது, ஆனால் கேட்டால்தான் தருகிறீர்கள், கேட்கலாம் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒயின் பாட்டில்களை அடுக்கி வைத்திருக்கிற அதே மேசையில் தண்ணீரையும் வையுங்கள். அந்தப் பையன் மாதிரி கடையில் நிற்பவர்களுக்கு "இல்லை" என்று சொல்லும் அதிகாரம் கொடுங்கள். அப்படிச் சொன்னதற்காக ஒரு வாடிக்கையாளர் அவர்கள்மேல் புகார் எழுதினால், அந்தப் புகாரில் நீங்கள் பணியாளர் பக்கம் நிற்க வேண்டும். இது எழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பையனும் துணிய மாட்டான்.

சேலையைச் சலவைக்குப் போட்ட செலவை நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது இரண்டே தகவல். அன்று மாலை பாதுகாப்புப் பிரிவுக்கு வந்த எங்கள் புகார் பதிவேட்டில் ஏறியதா, ஏறியிருந்தால் அதன் எண் என்ன? வாந்தி எடுத்த பிறகும் ஒருவருக்கு மது கொடுக்கலாம் என்பது உங்கள் விதியா, விதிமீறலா? இரண்டாவதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னாலும் போதும்.

எங்கள் நால்வருக்கும் ஆண்டு அட்டை இருக்கிறது, புதுப்பிக்கும் நாள் ஜனவரியில் வருகிறது. அதற்கு முன்னால் ஒரு மனிதர் கையெழுத்திட்ட பதில் வந்தால் புதுப்பிப்பதைப் பற்றி வீட்டில் பேசுவோம். வராவிட்டால் பணத்தைத் தானாக எடுத்துக்கொள்கிற வசதியை ரத்து செய்துவிடுவேன், அதற்கான படிவத்தை இப்போதே இறக்கி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஆண்டு அட்டை வாடிக்கையாளர் ஒருவர்