குடம் நிறையும் சத்தம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்குப் பாதிக் காரணம் முட்டிவலி, மீதி கண்ணகி நகர்ப் பிள்ளைகள். சனிக்கிழமை மட்டும் ஒலிப்பதிவு சொல்லித்தரப் போனவன், இப்போது வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் கிடக்கிறேன்.

இடம் உனக்குத் தெரியும். சென்னையில் கூவம், அடையாறு ஆற்றங்கரைகளில் இருந்தவர்களை 2000-ஆம் ஆண்டிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய ஊர். எட்டிப் பார்த்தால் ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள். ஆனாலும் வேலைக்கு எழுதிப் போடும்போது பிள்ளைகள் 'துரைப்பாக்கம்' என்றுதான் போடுகிறார்கள். கண்ணகி நகர் என்று எழுதினால் கூப்பிட மாட்டார்களாம்.

முதல் வகுப்பில், வீட்டுப் பக்கத்துச் சத்தம் ஒன்றை போனில் பிடித்து வரச் சொன்னேன். பையன்கள் அத்தனை பேரும் பைக் சைலன்சர்! ஒரு பெண் மட்டும் குடம் நிறையும் சத்தத்தைக் கொண்டுவந்தாள். முதலில் தடதடவென்று விழுகிறது, அப்புறம் மெல்ல மெல்ல மேலே ஏறி, கழுத்துக்கு வரும்போது கீச்சென்று மெலிகிறது. "கரன்ட் போனாக்கூட காதால கேட்டே குடத்த நகத்திடுவேன் சார்" என்றாள். இத்தனை வருடம் மைக் பிடித்த எனக்கு இது தோன்றவே இல்லை.

நீ கேட்டாயே, அவர்களுக்கென்று ஒரு சமுதாய வானொலியே, அதாவது அந்தப் பகுதிக்காரர்களுக்கான சின்ன எஃப்.எம்., தொடங்கினால் என்ன என்று. ஆசைதான். 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியபோது நாம் எவ்வளவு பேசினோம்! அன்று கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். 2006-க்குப் பிறகு லாப நோக்கில்லாத அமைப்புகளும் உரிமம் கேட்கலாம். சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கக் கூடாது, ஆகாசவாணி செய்தியை அப்படியே போடலாம். ஆனால் இன்று தண்ணீர் எப்போது வரும் என்று தாராளமாகச் சொல்லலாம். எங்களுக்கு அதுதானே தலைப்புச் செய்தி.

இடிப்பது பணம். 2024-இல் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 ஆக்கினார்கள். அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 52 ரூபாயாக இருந்தது 74 ஆனது. பன்னிரண்டு நிமிடமும் நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது; நிரப்புகிற அளவுக்கு விளம்பரத்துக்கு எங்கே போவது?

அதனால் முதலில் சம்பாதிப்போம் என்று இறங்கிவிட்டோம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் வீடியோ. வருவதில் ஒரு பங்கு கேமரா வாடகைக்கும் எடிட்டிங் கம்ப்யூட்டருக்கும், மீதி வேலை செய்தவர்களுக்கு. பயிற்சி என்ற பெயரில் ஓசியில் வேலை வாங்கிக்கொண்டு கையில் சான்றிதழைத் திணிக்கும் கூத்து எனக்கு ஆகவே ஆகாது.

ஒரு கம்பெனி மூன்று நிமிடப் படம் கேட்டது. பிள்ளைகள் கேரம் போட்டியும் சுவர் ஓவியங்களும் எடுத்துப் போனார்கள். "இன்னும் கொஞ்சம் ஏழ்மை தெரியட்டும்" என்றார் அங்கிருந்தவர். வெளியே வந்ததும் ஒரு பையன் கேட்டான்: "லைட்ட கொறைக்கணுமா சார், எங்கள கொறைக்கணுமா?" படத்தை மாற்றாமலே கொடுத்தோம். காசு வர நான்கு மாதம் ஆனது. நான் போன் பண்ணிப் பண்ணியே அலுத்துவிட்டேன்.

இப்போது பில் புத்தகம் அடிக்க வேண்டும். முகவரியில் என்ன போடுவது என்று நேற்று ஒரே சண்டை. பாதிப்பேர் துரைப்பாக்கமே போதும் என்கிறார்கள். குடத்துக்காரி மட்டும் கண்ணகி நகர் என்று போடாவிட்டால் தன் பெயரை எடுத்துவிடச் சொல்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமைக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

அப்புறம், உன் பரணில் அந்தப் பழைய ஹெட்போன் இன்னும் இருக்கிறதா? ஒரு காது கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அனுப்பி வை. ஒன்றை வைத்துக்கொண்டு ஏழு பேர் அடித்துக்கொள்கிறார்கள். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
பழைய அறைத்தோழன்