மெதுவாக ஓடச் சொன்னவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பையன் 5000 மீட்டரை 13 நிமிடம் 58 விநாடியில் ஓடி முடித்ததிலிருந்து என் கைப்பேசி ஓயவில்லை. பயிற்சியாளர் என்ற முறையில் வாழ்த்தெல்லாம் எனக்கே வருகிறது. வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. அந்த வாழ்த்து யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ, அவர்களில் பாதிப்பேர் அன்று மைதானத்திலேயே இல்லை. அதனால்தான் இதைத் தனித்தனியாக எழுதாமல் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன், 17 வயதில், அவன் இதே தூரத்தை 15 நிமிடம் 10 விநாடியில் ஓடினான். அந்த வயதுக்கு நல்ல ஓட்டம். உடன் படித்தவர்களில் அவனை முந்த ஆளில்லை. பன்னிரண்டரைச் சுற்றுக்கும் பிரித்துப் பார்த்தால், அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் சுற்றுக்கு 6 விநாடிகூட இல்லை. அந்த விநாடிகளுக்குத்தான் நான்கு வருடம் ஆனது. அதில் முதல் வருடத்தை வீணாக்கியது நான். வாரத்தில் ஐந்து நாள் மூச்சு முட்ட ஓட வைப்பேன். பிள்ளைகள் டிராக் ஓரத்தில் களைத்து விழுந்தால் இன்றைக்கு நல்ல வேலை நடந்தது என்று நினைத்துக்கொள்வேன். வருடக் கடைசியில் 15:10 என்பது 15:06 ஆனது. அவ்வளவுதான்.

அண்ணா, முதல் நன்றி உங்களுக்கு. நீங்கள் போட்டிகளை விட்டுப் பல வருடம் ஆகியும் காலையில் வெளிச்சுற்றில் தனியாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஒருநாள் நின்று கேட்டீர்கள்: "தம்பி, இந்தப் பிள்ளைகள் மெதுவாக ஓடி நான் பார்த்ததே இல்லையே?" எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் என்னிடம் பயின்ற ஆறு பேரையும் உங்களோடு அனுப்பச் சொன்னீர்கள். நானும் பின்னாலேயே சைக்கிளில் வந்தேன்.

அன்று பார்த்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ஓடிக்கொண்டே கதை சொல்லும்படி பையனிடம் சொன்னீர்கள். எந்தக் கதையானாலும் சரி, வாக்கியம் நடுவில் உடையக்கூடாது. மூன்றாவது வாக்கியத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது. நீங்கள் கையை உயர்த்தினீர்கள், ஏழு பேரும் நடந்தீர்கள். அப்புறம் மறுபடி ஓட்டம், மறுபடி கதை. சாதாரணமாக உடற்பயிற்சிக்கு வந்தவர்கள்கூட இவர்களைக் கடந்து போனார்கள். வேகமாக ஓடும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு அவமானம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஒரு மாதம் விடாமல் வந்தீர்கள். அந்தப் பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம்.

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டைப் பற்றி முதலில் சொன்னதும் நீங்கள்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். 800 மீட்டர் ஓடுகிற ஸ்நெல்லையே வாரத்துக்கு 160 கிலோமீட்டர் வரை ஓட வைத்த மனிதர் அவர். இரண்டு நிமிடம்கூட நீடிக்காத போட்டிக்கு இவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்டேன். விளக்கினீர்கள்: நிதானமாக நெடுநேரம் ஓடும்போது இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் அனுப்பப் பழகுகிறது, தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, ஆக்சிஜனை வைத்துச் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது. இதெல்லாம் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் நடக்கிற வேலை. அவசரப்பட்டால் எலும்பும் தசைநாரும் முதலில் கைவிரித்துவிடும்.

அதற்குப் பிறகு ஓட்டத்தில் பத்தில் எட்டுப் பங்கு பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில்தான். வாரத்துக்கு 45 கிலோமீட்டரில் தொடங்கி 110-ஐத் தொட மூன்று வருடம் எடுத்துக்கொண்டோம். கடுமையான நாள் வாரத்துக்கு இரண்டே இரண்டு. அதிலும் உங்கள் விதி ஒன்று உண்டு: 1000 மீட்டரை ஆறு முறை ஓடினால், முடித்ததும் "இன்னும் ஒன்று ஓடட்டுமா?" என்று பிள்ளை கேட்க வேண்டும், கேட்காவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஆரம்பத்தில் அந்த 1000 மீட்டருக்கு அவனுக்கு 3 நிமிடம் 20 விநாடி ஆனது. போன மாதம் அதே மூச்சு, அதே இதயத் துடிப்பு, 3 நிமிடம் 1 விநாடி. மெதுவான ஓட்டத்தில் கால் மந்தமாகிவிடக் கூடாதென்று வாரத்தில் இரண்டு நாள் கடைசியில் 100 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ் (இலகுவாக வேகம் கூட்டி ஓடும் சிறு ஓட்டங்கள்) ஆறு சேர்த்ததும் உங்கள் யோசனைதான்.

அடுத்தது பிசியோ அக்காவும் டாக்டரம்மாவும். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். இது அந்த ஆறு பேரில் ஒரு பெண்ணைப் பற்றியது. எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன், "எழுதுங்க சார், இன்னொருத்திக்கு உதவும்" என்றாள்.

முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்று அவள் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓட ஓடச் சரியாகிவிடும் என்றேன். பெரிய போட்டிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அக்கா, நீங்கள் அவளை உட்கார வைத்து, கட்டைவிரலால் கால் எலும்பின் உட்பக்க ஓரத்தை மேலிருந்து கீழாக மெல்ல அழுத்திக்கொண்டே வந்தீர்கள். ஒரு நாணயம் அளவுள்ள இடத்தில் அவள் துள்ளிவிட்டாள். அதே இடத்துக்கு மூன்று முறை திரும்பி வந்தீர்கள், மூன்று முறையும் துள்ளினாள். வலி எலும்போரம் நீளப் பரவியிருந்தால் ஒரு கதை, விரல்நுனி அளவில் ஒரே இடத்தில் குத்தினால் வேறு கதை என்று சொன்னீர்கள். இந்த ஒரு போட்டி மட்டும் என்று கெஞ்சினேன். முடியாது என்றீர்கள். எம்ஆர்ஐயில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது ஓயாத அழுத்தத்தால் எலும்பில் விழும் நுண்ணிய விரிசல், தெரிந்தது. அன்றைக்கு நீங்கள் இளகியிருந்தால் முழுசாக முறிந்தே போயிருக்கலாம்.

டாக்டரம்மா, அவளைத் தனியாக உட்கார வைத்து, இரண்டு வருடமாக நான் கேட்காத கேள்வியைக் கேட்டீர்கள். ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் சரியாகவே இருந்தது, ஆனால் இரும்புச் சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில். ஓடுகிற தூரத்துக்கு ஏற்றபடி சாப்பிடாவிட்டால் உடம்பு தன் மற்ற வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிடும், எலும்பைப் புதுப்பிப்பதும் அதில் ஒன்று என்று எனக்குப் புரிய வைத்தீர்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு ரெட்-எஸ் (RED-S, விளையாட்டில் ஏற்படும் சக்திப் பற்றாக்குறை) என்று பெயர் வைத்து எச்சரித்திருக்கிறது. பயிற்சியாளன் என்று சொல்லிக்கொண்ட எனக்கு அது தெரியாது. அதைவிட மோசம், "இரண்டு கிலோ குறைந்தால் வேகம் கூடும்" என்று ஒருமுறை அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் அதை மறக்கவில்லை. அவளிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன். இப்போது எங்கள் குழுவில் எடையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை உண்டு. பெண் பிள்ளைகள் சங்கடமில்லாமல் பேசுவதற்கு உங்கள் எண் அவர்களிடமே இருக்கிறது.

அவள் எட்டு வாரம் தரையில் ஓடவில்லை. நீச்சல் குளத்தில், இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் ஓடினாள். பழைய தூரத்துக்குத் திரும்ப எட்டு மாதம் ஆனது. 1500 மீட்டரில் 4 நிமிடம் 41 விநாடியில் இருந்தவள் இந்த வருடம் 4:19. அதைவிட எனக்குச் சந்தோஷம், இரண்டு வருடமாக எலும்பில் ஒரு வலியும் இல்லை.

பெற்றோர்களே, உங்களை மறக்கவில்லை. காய்ச்சலோடு பயிற்சிக்குக் கிளம்பிய பையனின் ஷூவை ஒளித்து வைத்த அம்மாவுக்கு நன்றி. நான் அன்று ஃபோனில் கோபப்பட்டேன். நீங்கள் செய்ததுதான் சரி. ஒன்பது மணித் தூக்கத்துக்காக வீட்டையே சீக்கிரம் இருட்டாக்கிய குடும்பத்துக்கு நன்றி. பந்தயம் முடிந்து வந்த மகளிடம் ஒருநாளும் நேரத்தைக் கேட்காமல் "எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்ட அப்பாவுக்கு நன்றி. நம் பையன் எப்போது மராத்தான் ஓடப் போகிறான் என்று சிலர் அவசரப்பட்டீர்கள். மராத்தானில் பேர்பெற்ற கென்ய வீரர் கிப்சோகே 2003-இல் 18 வயதிலேயே 5000 மீட்டர் உலகச் சாம்பியன், ஆனால் முதல் மராத்தான் ஓடியது 2013-இல்தான் என்று சொன்னதும் சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தீர்களே, அதற்கும் நன்றி.

மழையிலும் குடையோடு நின்று ஒவ்வொரு பிள்ளையின் ஒவ்வொரு சுற்றையும் நோட்டில் குறித்த நண்பருக்கு: எல்லாப் பந்தயத்திலும் நம் பையன் மூன்றாவது கிலோமீட்டரில்தான் வேகம் குறைந்து தூங்கிவிடுகிறான் என்று கண்டுபிடித்தது உங்கள் நோட்டுதான்.

கடைசியாக, அந்த ஆறு பேரில் மற்ற நால்வருக்கு. இரண்டு பேர் பெரிய போட்டிகளுக்குப் போய்விட்டார்கள், நீங்கள் போகவில்லை. ஆனால் எதிர்க்காற்று அடிக்கும் நாள்களில் முறை வைத்து முன்னால் ஓடியது நீங்கள். குளத்துப் பெஞ்சில் ஈரத் துண்டோடு உட்கார்ந்து, ஓட முடியாத தோழிக்கு எட்டு வாரமும் துணை இருந்ததும் நீங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை நான்காவது கிலோமீட்டரில் அவன் தனியாகிவிட்டான். என்ன நினைத்தாய் என்று கேட்டேன். "முன்னாடி நம்ம பசங்க ஓடுறதா நினைச்சுக்கிட்டேன் சார்" என்றான்.

திங்கட்கிழமை காலை மெதுவான 10 கிலோமீட்டர். புதிதாக மூன்று பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், மூவரும் ரொம்ப வேகம். அண்ணா, கதை கேட்க வந்துவிடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் பயிற்சியாளர்