எட்டு வாரமா என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சோர்வு வந்து குணமானவர்களுக்கு அது திரும்ப வருமோ என்ற பயம் கூடவே இருக்கும். அப்படிப்பட்டவர்களிடம் சில மருத்துவர்கள் ‘எம்.பி.சி.டி. எடுத்துப் பாருங்கள்’ என்கிறார்கள். இந்த நொடியில் நடப்பதை நல்லது கெட்டது என்று தீர்ப்பிடாமல் கவனிக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியையும், சிந்தனைப் போக்கைச் சீர்செய்யும் சி.பி.டி. என்ற உளவியல் சிகிச்சையையும் சேர்த்த முறை இது. வீட்டுக்கு வந்து தேடினால் கண்ணில் படுவதோ வார இறுதி முகாம்கள், கைப்பேசிச் செயலிகள், ‘மூன்றே நாளில் மன அமைதி’ விளம்பரங்கள். நோயாளிகள் பணத்தை மட்டுமல்ல, நம்பிக்கையையும் அங்கேதான் இழக்கிறார்கள். அதனால் இந்தச் சிகிச்சையை எப்படி அடையாளம் காண்பது என்று வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கனடாவின் ஜிண்டெல் சீகல், பிரிட்டனின் மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் ஆகிய மூன்று உளவியலாளர்கள் உருவாக்கிய முறை இது. 1979இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சிதான் இதற்கு அடித்தளம். 2000இல் வெளியான முதல் ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டவர்களைச் ஓராண்டுக்குச் சற்று மேல் கவனித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. இந்தப் பயிற்சியும் பெற்றவர்களில் 37 சதவீதம் பேருக்கே திரும்பியது. இரண்டு முறை மட்டுமே கண்டவர்களிடம் அந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆகவே ‘எனக்கு இது பொருந்துமா?’ என்ற கேள்வியில் ‘எத்தனை முறை வந்தது?’ என்பதும் அடங்கியிருக்கிறது.

பலமுறை பாதிக்கப்பட்டவருக்குச் சாதாரண வருத்தம்கூட ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற பழைய எண்ணச் சுழலை எழுப்பிவிடும். அதை ‘இது ஓர் எண்ணம், உண்மையின் சான்று இல்லை’ என்று ஆரம்பத்திலேயே பார்க்கப் பழக்குவதுதான் சிகிச்சையின் மையம். உடல் தளர்வோ நல்ல தூக்கமோ கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அவை இதன் குறிக்கோள் அல்ல.

முறையான பயிற்சிக்கு ஓர் அமைப்பு உண்டு. வாரம் ஒரு நாள், இரண்டு முதல் இரண்டரை மணி நேரம், எட்டு வாரங்கள். குழுவில் பன்னிரண்டு பேர் வரை. தொடங்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி நோய் வரலாறு கேட்பார்கள். முதல் வாரம் ஒரே ஓர் உலர்திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மெல்வது. பிறகு கால் விரலிலிருந்து தலை வரை உடலைக் கவனிப்பது. மூன்றாவது வாரம் மூன்று நிமிட மூச்சுப் பயிற்சி வரும். ஆறாம் வாரத்தை ஒட்டி ஒரு முழு நாள் மௌனப் பயிற்சி. ஏழாம் வாரம், நோய் திரும்புவதற்கு எனக்கே உரிய முன்னறிகுறிகள் எவை, அப்போது என்ன செய்வேன் என்று எழுதி வைப்பது. இதோடு வாரத்தில் ஆறு நாள் வீட்டில் 40 நிமிடம் அளவுக்குப் பயிற்சி. வீட்டுப்பாடம் இல்லாத வகுப்புக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் அது இந்தச் சிகிச்சை இல்லை.

யாரிடம் போவது? ‘கவுன்சலர்’ என்ற பலகையை மட்டும் நம்ப வேண்டாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் சொல்வார், அந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஆனால் பதிவு எண் மட்டும் போதாது, ஏனெனில் எம்.பி.சி.டி. நடத்தத் தனியாகக் கற்றிருக்க வேண்டும். சிகிச்சையாளரிடம் கேட்க வேண்டியவை இவை: எட்டு வார வகுப்பில் நீங்களே பங்கேற்பாளராக இருந்திருக்கிறீர்களா? இப்போதும் தினமும் பயிற்சி செய்கிறீர்களா? நடத்தக் கற்றது எங்கே, உங்களை மேற்பார்வையிடும் மூத்தவர் யார்? நடுவில் எனக்கு மோசமானால் என்ன செய்வீர்கள், என் டாக்டரிடம் பேசுவீர்களா? இவற்றைத் தயங்காமல் கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் கோபப்பட மாட்டார். மொத்தக் கட்டணத்தையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். தமிழில் வழிநடத்துவாரா, வீட்டுப் பயிற்சிக்கான ஒலிப்பதிவு தமிழில் தருவாரா என்பதும் முக்கியம். உடலைக் கவனி என்ற சொல் தாய்மொழியில் வந்தால்தான் உடலுக்குப் போய்ச் சேரும். மந்திரமோ வழிபாடோ இதில் கிடையாது; எந்த மதத்தவரும் தயங்க வேண்டியதில்லை.

மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 2015இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 424 பேர் பங்கேற்றார்கள். பயிற்சியோடு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கும், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பியது. இதை மேற்கோள் காட்டி மாத்திரை தேவையில்லை என்பது தவறு. அங்கே குறைப்பு மருத்துவர் கண்காணிப்பில் நடந்தது.

பலர் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். படுத்துக்கொண்டு உடலைக் கவனித்தால் தூக்கம் வருகிறது, அல்லது எரிச்சல் வருகிறது. ‘எனக்கு இது வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எரிச்சலைக் கவனிப்பதே பயிற்சி. தூக்கம் வந்தால் உட்கார்ந்து செய்யலாம், நேரத்தைக் காலைக்கு மாற்றலாம். கண்ணை மூடியதும் பழைய கொடுமைகள் நினைவில் எழுந்து படபடப்பு வந்தால் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதை உணருங்கள். அன்றே சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். தற்கொலை எண்ணம், கட்டுக்கடங்காத குடி, மனச்சிதைவு, அளவுமீறிய உற்சாகம் பொங்கும் மிகையெழுச்சி நிலை (மேனியா) இருக்கும்போது இதைத் தொடங்கக் கூடாது. மனநல மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும். உடனடி உதவிக்கு அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது.

உங்கள் ஊரில் எம்.பி.சி.டி. தெரிந்தவர் கிடைக்காவிட்டால் காத்துக் கிடக்காதீர்கள். வழக்கமான சி.பி.டி. சிகிச்சைக்கும் நல்ல சான்றுகள் உண்டு. இணையவழிக் குழுவும் ஒரு வழிதான். அதிலும் முன்நேர்காணலும் அவசரத் தொடர்பு எண்ணும் இருக்க வேண்டும்.

அரசிடம் ஒரு வேண்டுகோள். நமது அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகளில் இதை நடத்த அமைதியான ஓர் அறை, பன்னிரண்டு பாய்கள், பயிற்சி பெற்ற ஓர் உளவியலாளர் போதும். வேலைக்குப் போகிறவர்களும் வர முடிகிற ஞாயிறு காலையில் வையுங்கள்.

இப்படிக்கு,
மனநலப் பணியாளர் ஒருவர்,
திருச்சி