ஆர்கியுமென்ட் விடுபட்டால் வாய் திறந்து சொல்லுங்கள்

கட்டளைவரிக் கருவிகளை எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். நாள் முழுக்க டெர்மினலிலேயே கிடக்கும் பயனர்களில் ஒருவன் எழுதுகிறேன். வேண்டுகோள் ஒன்றுதான். கட்டளையோடு தர வேண்டிய ஆர்கியுமென்ட்டை, அதாவது கோப்பின் பெயர் போன்ற விவரத்தை, நாங்கள் தராமல் விட்டால், எது விடுபட்டது என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடுங்கள். நீங்களாக எதையும் ஊகித்துக்கொள்ள வேண்டாம்.

கோப்பை நகலெடுக்கும் 'சிபி' (cp) கட்டளைக்கு ஒரு கோப்பின் பெயரை மட்டும் கொடுத்துப் பாருங்கள். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு (GNU) பதிப்பு அந்தப் பெயரையே திருப்பிச் சொல்லி, அதன் பின் சேருமிடத்தைக் காணோம் என்கிறது. உதவிக்கு எதைத் தட்டுவது என்று அடுத்த வரி. அவ்வளவு போதும். சில கருவிகளோ உதவிப் பக்கம் முழுவதையும் கொட்டிவிடுகின்றன. பிழைச் செய்தி திரைக்கு மேலே ஓடிப் போயிருக்கும்.

மௌனம் அதைவிட மோசம். கோப்புக்குள் சொல்லைத் தேடும் 'கிரெப்'புக்கு (grep) தேடுசொல்லைக் கொடுத்துக் கோப்பின் பெயரை மறந்தால் கர்சர் மினுக்கிக்கொண்டே இருக்கும். அது நம் இன்புட்டுக்குக் காத்திருக்கிறது. நாமோ பெரிய கோப்பு போலிருக்கிறது என்று அதற்குக் காத்திருக்கிறோம். ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்கு இன்புட்டாக அனுப்பும் பைப்புக்கு இந்த வழக்கம் தேவைதான், ஒழிக்கச் சொல்லவில்லை. எதிரே இருப்பது டெர்மினலா பைப்பா என்பதை 'இஸ்ஏடிடிஒய்' (isatty) என்ற ஃபங்ஷன் ஒரே அழைப்பில் சொல்லிவிடும். டெர்மினல் என்றால் "இன்புட்டுக்குக் காத்திருக்கிறேன்" என்று ஒரு வரி போடலாமே?

இதிலாவது நேரம்தான் போகிறது. குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளின் அட்டவணையைக் கையாளும் 'க்ரான்டேப்' (crontab) அப்படியில்லை. யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் (POSIX) தரப்படி, கோப்பின் பெயர் இல்லாவிட்டால் அது புது அட்டவணையை இன்புட்டிலிருந்து படிக்க வேண்டும். பட்டியலைப் பார்க்கலாம் என்று வெறும் கட்டளையைத் தட்டுகிறீர்கள், ஒன்றும் வரவில்லை, இன்புட் முடிந்தது என்று சொல்லும் கன்ட்ரோல்-டி அழுத்துகிறீர்கள். அந்தக் காலி இன்புட்தான் இனி உங்கள் அட்டவணை. கட்டளையையே நிறுத்திவிடும் கன்ட்ரோல்-சி அழுத்தியவர் தப்பித்தார்! இன்புட்டில் வருவதை ஆர்கியுமென்ட்டாக்கி வேறொரு கட்டளையை ஓட்டும் குனு 'எக்ஸ்ஆர்க்ஸ்' (xargs) இன்னொன்று: இன்புட் காலியாக வந்தாலும் கட்டளையை ஒரு முறை ஓட்டியே தீரும், மைனஸ்-ஆர் போட்டுத் தடுத்தால் ஒழிய. அழிக்கிற, மேலெழுதுகிற வேலைகளில் இந்தத் தாராளம் கூடவே கூடாது.

காலிச் சரத்தையும், அதாவது ஓர் எழுத்துகூட இல்லாத மதிப்பையும், விடுபட்டதாகவே எண்ணுங்கள். கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஸ்கிரிப்டில் ஒரு மாறி காலியாகிப் போனால், மேற்கோள் குறிக்குள் இருக்கும் வரை ஆர்கியுமென்ட் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் கருவி அங்கே ஏமாந்துவிடும்.

பிழைச் செய்தி, அதற்கென்றே தனியாக உள்ள ஸ்டாண்டர்ட் எரருக்குப் போகட்டும். இல்லையென்றால் நாங்கள் கோப்புக்குத் திருப்பிய அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துவிடும். கருவி முடியும்போது தரும் எண்ணான எக்ஸிட் கோட், ஆர்கியுமென்ட்டுகளைப் படிக்கும் பைத்தானின் ஆர்க்பார்ஸ் (argparse) தருவது போல 2 ஆகவோ, பிஎஸ்டி (BSD) யூனிக்ஸ் மரபின் 64 ஆகவோ இருக்கட்டும், வெற்றி என்று பொருள்படும் 0 மட்டும் வேண்டாம். உதவியை நாங்களே கேட்டால் அது வேறு கதை: ஸ்டாண்டர்ட் அவுட்புட், 0.

விடுபட்டதை அன்போடு கேட்டு வாங்கும் கருவிகளுக்கும் ஒரு வார்த்தை. நள்ளிரவில் ஓடும் ஸ்கிரிப்டில் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். டெர்மினல் இல்லாத இடத்தில் கேட்காதீர்கள்.

அடுத்த பதிப்பை வெளியிடும் முன், உங்கள் கருவியை வெறுமனே ஒரு முறையும் காலிச் சரத்தோடு ஒரு முறையும் ஓட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கருவிகளை வைத்துப் பிழைக்கும் ஒருவன்