பந்துக்கு அழுவதில் என்ன வெட்கம், பிள்ளை?

முள்ளியவளை
22.05.2024

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை இரவு நீ அனுப்பிய குரல் பதிவை நானும் அம்மாவும் கேட்டோம். அம்மா உடனே போன் எடுக்கச் சொன்னார். நான்தான் பொறு என்றேன். இதைப் போனில் கதைத்தால் நீ பாதியில் அழத் தொடங்குவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டுப் போனை வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னது இதுதான்: "அப்பா, நேற்று மே 18. முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குப் போய்க் கஞ்சி குடித்துவிட்டு வந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இன்றைக்கு ஆர்சனல் லீக் கிண்ணத்தை விட்டதற்கு அறைக் கதவைச் சாத்திவிட்டு அழுகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கு."

வெட்கப்படாதே பிள்ளை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பந்தைப் பற்றிக் கதைப்போம். இங்கிலாந்து லீக்கின் கடைசி நாள், கிண்ணம் எங்கள் ஆர்சனல் கழகத்துக்கா மான்செஸ்டர் சிட்டிக்கா என்ற நிலை. நானும் முழுவதையும் பார்த்தேன். இங்கே இரவு எட்டரைக்குத் தொடங்கியது. என் போனில் ஆர்சனல் – எவர்ட்டன், பக்கத்து வளவுத் தம்பியின் போனில் சிட்டி – வெஸ்ட்ஹாம். 2ஆவது நிமிடத்திலேயே ஃபோடன் சிட்டிக்குக் கோல் போட்டார். 18ஆவது நிமிடத்தில் அவரே இன்னொன்று. முடிந்தது என்று தம்பி எழும்பிவிட்டான். பிறகு இடைவேளை நெருங்கும்போது வெஸ்ட்ஹாமின் குடூஸ் அந்தரத்தில் மல்லாந்து அடித்தாரே ஒரு கோல், அதற்கு அவன் போட்ட கத்தலில் நாய் குரைத்தது. அதே நேரத்தில் எங்களுக்கு டொமியாசு சமப்படுத்தினார். அந்த இடைவேளை நேரம் முழுக்க நான் முற்றத்தில் நடந்தேன். வெஸ்ட்ஹாம் இன்னும் ஒன்று, எங்களுக்கு இன்னும் ஒன்று, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. 59ஆவது நிமிடத்தில் ரொட்ரி அதை மூடிவிட்டார். எங்கள் பக்கம் 89ஆவது நிமிடத்தில் ஹாவெர்ட்ஸ் வெற்றிக் கோலை அடித்தபோது, அதனால் ஒன்றும் மாறாது என்று தெரிந்தும் கை தட்டினேன். நீயும் தட்டியிருப்பாய்.

சிட்டிக்கு 91 புள்ளி. எங்களுக்கு 89.

ஆனால் எனக்கு இந்தப் பருவத்தில் ஆறாத நாள் அது இல்லை. ஏப்ரல் 14. சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள், வீட்டில் பலகாரம் இன்னும் தீரவில்லை. முதலில் லிவர்பூல் தன் மைதானத்திலேயே கிறிஸ்டல் பலஸிடம் 1-0 என்று தோற்றது. "அப்பா, வழி திறந்துவிட்டது" என்று நீ செய்தி அனுப்பினாய். இரவு ஒன்பது மணிக்கு அஸ்டன் வில்லாவோடு எங்கள் ஆட்டம். முதல் பாதியில் அடிக்காத அடியில்லை. ஆனால் வில்லாவின் கோல் காப்பாளர் எமிலியானோ மார்ட்டினெஸ், எங்கள் கழகத்திலேயே வளர்ந்த ஆள். ஓரத்தில் நின்ற பயிற்றுநர் உனாய் எமெரி, எங்களிடம் இருந்து போனவர். 84ஆவது நிமிடத்தில் பெய்லி, 87இல் வொட்கின்ஸ். உன்னிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு செய்தியும் வரவில்லை.

2024 பிறந்ததில் இருந்து லீக்கில் 18 ஆட்டம். 16 வெற்றி, சிட்டியோடு ஒரு சமநிலை, தோற்றது இந்த ஒன்றுதான். இதை வென்றிருந்தால் 92 புள்ளி. ஒரு பருவத்தில் 28 ஆட்டங்களை வென்றிருக்கிறார்கள். ஒரு தோல்வியும் இல்லாமல் கிண்ணம் எடுத்த 2004 அணிகூட 26 ஆட்டம்தான் வென்றது. மோசமாக விளையாடித் தோற்றால் யாரையாவது ஏசி மனதை ஆற்றலாம். இவ்வளவு வடிவாக விளையாடிவிட்டுத் தோற்கும்போது ஏசுவதற்கும் ஆளில்லை. அதுதான் உன்னை இப்படிப் போட்டு வதைக்கிறது என்று நினைக்கிறேன்.

டொட்டன்ஹாமுக்காக நீ வேண்டிக்கொண்ட இரவையும் சொல்லவேண்டும். மே 14. எங்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. எங்கள் வாழ்நாள் எதிரியான டொட்டன்ஹாம், சிட்டியை மறித்துத் தந்தால் போதும் என்று நீயும் நானும் இரண்டு நாட்டில் விழித்திருந்தோம். சிட்டி 1-0 என்று முன்னால். 86ஆவது நிமிடத்தில் டொட்டன்ஹாமின் சொன் பந்தோடு தனியே ஓடுகிறார், எதிரே கோல் காப்பாளர் மட்டும். சிட்டியின் எடர்சன் காயப்பட்டு வெளியே போனதால் நின்றவர் ஒர்டேகா. அவர் காலை நீட்டினார், பந்து காலில் பட்டது. ஒரு பருவம் முழுவதும் ஓடிய ஓட்டம், நாங்கள் விளையாடாத ஓர் ஆட்டத்தில், எங்களுக்குச் சொந்தமில்லாத இருவருடைய கால்களுக்கு நடுவில் முடிந்துபோனது. ஒரு கழகத்தை நேசிக்கிறவனுக்கு இதைவிடக் கையாலாகாத நிலை வேறு இல்லை.

சிட்டிக்காரர்மேல் கோபம் வைக்காதே. பணம், வழக்கு எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். 1998இல் மூன்றாம் பிரிவுக்கு விழுந்த கழகம் அது. 1999இல் வெம்ப்ளியில் ஜில்லிங்ஹாமிடம் 2-0 என்று பின்தங்கி, ஆட்டம் முடிகிற நேரத்தில் இரண்டு கோல் அடித்து, தண்ட உதையில் தப்பித்தான் மேலே வந்தார்கள். அன்று அந்த மைதானத்தில் நின்ற சனம் இன்று சந்தோஷப்படுவதை யாரும் குறை சொல்ல முடியாது.

உனக்கு இந்தச் சிவப்பு எப்படிப் பிடித்தது என்று ஞாபகம் இருக்கிறதா? போர் நிறுத்தத்தால் ஏ9 பாதை திறந்திருந்த காலம். 2004இல் லண்டன் மாமா வந்தபோது ஆர்சனல் வீரர் ஹென்றியின் பெயர் போட்ட சட்டை கொண்டுவந்தார். உனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டே சைக்கிள் பாரில் ஏறி என்னோடு மைதானத்துக்கு வருவாய். ஆர்சனல் கடைசியாக லீக் கிண்ணம் தூக்கியதும் அந்த வருடம்தான். அதாவது நீ ஆதரவாளராக மாறியதற்குப் பிறகு அவர்கள் ஒருமுறைகூட அதைத் தூக்கவில்லை. 20 ஆண்டு. இப்படிப் பார்த்தால், நீ வெற்றிக்காக அவர்களோடு நிற்கிற ஆளே இல்லை.

2006 மே மாதம் பாரிஸில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தையும் பார்த்தோம். ஊரில் மின்சாரம் இல்லை. கடைக்காரர் வீட்டில் ஜெனரேற்றர் போட்டுப் பாதி ஊரே நடுச்சாமத்தில் கூடியிருந்தது. 18ஆவது நிமிடத்திலேயே கோல் காப்பாளர் லெஹ்மனுக்குச் சிவப்பு அட்டை. இன்னொரு காப்பாளரை இறக்குவதற்காக பிரெஸை வெளியே எடுத்தார்கள். பிரான்ஸ்காரர், பாரிஸில் இறுதியாட்டம், கால் மணி கொஞ்சம் தாண்டியதும் வெளியே. பத்துப் பேரோடு நின்றும் கம்பல் தலையால் முட்டிக் கோல் போட்டார். 76ஆவது நிமிடம்வரை பார்சிலோனாவை அப்படியே பிடித்து வைத்திருந்தார்கள். பிறகு எட்டோ, கொஞ்ச நேரத்தில் பெலெட்டி. 2-1. நீ சித்தப்பாவின் மடியில் இருந்து அழுதாய். சித்தப்பா உன் தலையைத் தடவிக்கொண்டே, கோலி வெளியே வந்தது பிழையில்லை, வராவிட்டாலும் கோல்தான் என்று எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். கோல் காப்பாளருக்குக் கோல் காப்பாளரின் வலிதான் முதலில் தெரியும்.

சித்தப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அதற்கு முந்திய வருடம் எங்கள் ஊர்க் கழகம் மாவட்டச் சுற்றுப்போட்டி ஒன்றில் இறுதியாட்டம்வரை போனது. முழு நேரம் 1-1. தண்ட உதை. சித்தப்பா இரண்டைப் பிடித்தார். எங்கள் பெடியள் மூன்றை வெளியே அடித்தார்கள். கடைசிப் பந்து மரத்துக்கு மேலால் போனதும் அவர் கோல் போஸ்டுக்குப் பக்கத்தில் முகம் குப்புற விழுந்து கிடந்தார். தூக்கப் போன என்னை விடவில்லை. இரவு வீட்டில் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. அப்பம்மா சோற்றைப் பிசைந்து உருட்டிக்கொண்டு போய்ச் சின்னப்பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் கொடுத்தார். இருபத்தைந்து வயதுப் பெடியன், மீசை வைத்தவன், ஒரு பந்துக்காகத் தாயின் கையில் சோறு வாங்கிக்கொண்டு தேம்பினான். ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் பெரியவர்கள் அந்த மூன்று உதையையும் பற்றி வாரக்கணக்காகக் கதைத்தார்கள். அடுத்த பருவம் அவர் மறுபடி அதே கையுறையோடு நின்றார். அரையிறுதியில் தோற்றோம். எங்கள் கழகம் அந்தக் கிண்ணத்தை இன்றுவரை தூக்கவில்லை.

சித்தப்பாவை 2009இல் இழந்தோம். அதை நான் எழுதத் தேவையில்லை. நீ பக்கத்தில் இருந்தாய்.

அவரை நினைக்கும்போது இப்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்தப் பந்து அழுகைதான். அது எனக்கு ஆறுதல். ஒரு தண்ட உதைதான் உலகத்திலேயே பெரிய துயரம் என்று நம்பி அழுத சில நாட்கள் அவருக்கும் கிடைத்தன. உன்னை அவ்வளவு கடன்பட்டு லண்டனுக்கு அனுப்பும்போது நானும் அம்மாவும் விரும்பியதும் இதைத்தான், வெளியே வாய்விட்டுச் சொல்லவில்லை. இரவில் விமானச் சத்தத்துக்கு எழும்பாமல், ஒரு கோலுக்காக எழும்புகிற பிள்ளையாக நீ இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை உன் குரலைக் கேட்டு அம்மா பயந்தார். எனக்குக் கவலையோடு சேர்த்து ஒரு நிம்மதியும் வந்தது.

மே 18இல் கண்ணீர் வராததற்கு உன்னையே குற்றம் சொல்லாதே. சனிக்கிழமை நாங்களும் முள்ளிவாய்க்காலுக்குப் போனோம். வட்டுவாகல் பாலம் கடக்கும்போது என் கண்ணும் காய்ந்துதான் இருந்தது. விளக்கு ஏற்றினோம், அம்மா பெயரைச் சொன்னார், வந்தோம். அந்தத் துக்கத்தை எந்தப் பக்கத்தால் அழத் தொடங்குவது என்று எனக்கு 15 ஆண்டாகியும் விளங்கவில்லை. பந்துக்கு வருகிற துக்கத்துக்கு ஒரு கரை இருக்கிறது. ஆகஸ்ட்டில் எல்லோரும் பூச்சியம் புள்ளியில் இருந்து தொடங்குவார்கள். இங்கே பூச்சியத்தில் இருந்து தொடங்குவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே தராசில் போடாதே. ஒன்றுக்கு அழுததால் மற்றதற்குத் துரோகம் செய்ததாக ஆகாது.

மீள்குடியேறி வந்த புதிதில் நடந்த சுற்றுப்போட்டி உனக்கு நினைவிருக்கும். மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து வந்து, மைதானத்தில் மிதிவெடி எடுத்து முடித்து, பற்றையை வெட்டிக் கோல் போஸ்டுக்குத் தடி நட்டோம். பழைய அணியில் பலர் இல்லை. சிலர் உயிரோடு இல்லை, சிலர் எங்கே என்று இன்றைக்கும் தெரியாது, சிலர் வெளிநாட்டில். பள்ளிக்கூடப் பெடியளைச் சேர்த்து இறக்கினோம். பாதிப் பேருக்குச் சப்பாத்து இல்லை. சித்தப்பாவின் இடத்தில் பந்து பிடிக்கவே தெரியாத ஒரு பிள்ளை நின்றான். 7-0. ஏழாவது கோல் விழுந்த பிறகும் சனம் எழும்பவில்லை. விசில் ஊதியதும் எல்லோரும் நின்று கை தட்டினார்கள், வென்ற அணி திகைத்துப்போய் எங்களைப் பார்த்தது. தோற்பதற்காவது எங்களுக்கென்று ஓர் அணி திரும்பி வந்திருந்தது. நீ அன்று கோலுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பந்தாக எடுத்துக் கொடுத்தாய். வீட்டுக்கு வரும் வழியில் அழுதாய். "ஒன்றாவது போட்டிருக்கலாம் அப்பா" என்றாய். அன்றைக்கு அதற்கு நீ வெட்கப்படவில்லையே.

உன்னோடு வேலை செய்கிறவர்கள் சொல்கிற கதையையும் கேட்டேன். இவ்வளவு வலித்தால் விட்டுவிடு, பார்க்காதே என்கிறார்களாம். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அறிவுரை உனக்குப் பொருந்தாது. 2011இல் ஓல்ட் ட்ரஃபோர்டில் மான்செஸ்டர் யுனைட்டெட்டிடம் 8-2 என்று தோற்ற அணியை நீ விடவில்லை. போன வருடம் 248 நாள் முதலிடத்தில் இருந்துவிட்டுச் சிட்டியிடம் விட்டார்கள், அப்போதும் விடவில்லை. இந்த வாரம் மட்டும் கொஞ்சம் தள்ளி இரு. அந்தக் காணொளிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்காதே, முக்கியமாக ஒர்டேகாவின் காலை. நேரத்துக்குச் சாப்பிடு. அழுகை வந்தால் அழு, வேலைக்குப் போகும்போது கண்ணைக் கழுவிக்கொண்டு போ. யாராவது கேட்டால் ஆர்சனல் தோற்றதற்கு அழுதேன் என்று நேராகச் சொல்.

ஊர் விஷயம் கொஞ்சம். வைகாசி, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் காலம், வீட்டில் ஆட்கள் வந்து போகிறார்கள். நீ அனுப்பிய கையுறையைக் கழகத்தின் புதுக் கோலிக்குக் கொடுத்தேன். உயரம் காணாது, ஆனால் தண்ட உதைக்கு எந்தப் பக்கம் பாய்வது என்று எதிரியின் இடுப்பைப் பார்த்தே கண்டுபிடிக்கிறான். அடுத்த மாதம் ஒன்பது பேர் கொண்ட அணிகளின் சுற்றுப்போட்டி. பக்கத்து ஊர் அணி சரியான பலம், பெடியள் பயப்படுகிறார்கள். பின்னேரப் பயிற்சிக்கு நானும் போய் நிற்கிறேன். முதல் சுற்று யாரோடு என்று சீட்டுக் குலுக்கிய பிறகு சொல்கிறேன். ஆட்டத்தன்று பக்கத்து வளவுத் தம்பி போனில் நேரடியாகக் காட்டுவான், வேலை இல்லாவிட்டால் பார்.

நீ வரும்போது ஆர்சனலின் சாகா போடும் 7ஆம் இலக்கச் சட்டை ஒன்று அந்தத் தம்பிக்குக் கொண்டு வா. காசு தருகிறேன் என்கிறான், வாங்காதே.

அன்புடன்
அப்பா