செவலையின் கழுத்து மணிக்கு

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்க்காரர்களுக்கும், அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு டார்ச் லைட்டோடு வந்து நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வலது காலில் கட்டு. ஆறு வாரத்துக்குத் தரையில் ஊன்றக்கூடாது. மற்றபடி பழைய அப்பாதான். சாம்பாரில் உப்பு குறைவு என்று நேற்றே ஆரம்பித்துவிட்டார். அன்று மலை நடையில் அப்பா எங்களை விட்டுப் பின்தங்கி, பாறைப் பள்ளத்தில் கால் அடிபட்டுக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் இதற்குள் நாலு விதமாகத் தெரிந்திருக்கும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. படுத்தால் இன்னும் அந்தப் பாறைதான் கண்ணுக்குள் வருகிறது. எழுத உட்கார்ந்தது நன்றி சொல்லத்தான், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நடைக்குழுவுக்கு அது புதுப் பாதை இல்லை. மேலூர் ரோட்டில் நரசிங்கம்பட்டி பக்கம் உள்ளே திரும்பினால் அரிட்டாபட்டி. ஊருக்குள் வண்டிகளை விட்டுவிட்டு முதலில் குடைவரைக் கோவிலுக்குப் போவோம். பாறையைக் குடைந்து செய்த சிவன் கோவில், வாசலை ஒட்டிய பாறையில், சிவனின் அவதாரம் என்று சொல்லப்படும் இலகுலீசர் உட்கார்ந்திருப்பார். தமிழ்நாட்டில் அவரை அதிகம் இடங்களில் பார்க்க முடியாது. அங்கிருந்து ஆனைகொண்டான் கண்மாய்க் கரை. கரை முடிந்ததும் உசிலையும் வேலமுமாக ஒரு காடு. காட்டைத் தாண்டினால் கழிஞ்சமலை. மலைக்குப் பின்பக்கம் இறங்கி மீனாட்சிபுரம், அப்புறம் வரப்புகளில் ஒரு சுற்றுச் சுற்றி, கிளம்பின இடத்துக்கே வந்து டீ குடிப்போம். பாறை உச்சியில் நின்றால் ஒரு பக்கம் அழகர்மலை நீளமாகப் படுத்திருக்கும், இன்னொரு பக்கம் யானைமலை. கால்மாட்டில் பள்ளத்தாக்கு முழுக்க தை மாதத்து வயல். நமக்கும் கீழே வல்லூறு வட்டமிடுவதை, அதன் முதுகை, அங்கே பார்க்கலாம். பறவையின் முதுகைப் பார்ப்பதற்கென்றே நான் மூன்று முறை அங்கே போயிருக்கிறேன்.

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த இடம் அது, 193 ஹெக்டேர் சொச்சம். தேவாங்கும் அலங்கு என்கிற எறும்புத்தின்னியும் இருக்கிற மலை. இதையெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்கு விளக்குவது என் வேலை. அன்றும் விளக்கிக்கொண்டே முன்னால் போனேன். பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணவில்லை. இருபத்திரண்டு பேரில் ஒருவர் குறைந்தது எனக்குத் தெரியவே அரைமணி நேரம் ஆனது. அந்த ஒருவர் என்னைப் பெற்றவர். இதற்குமேல் அதைப் பற்றி வேண்டாம்.

அப்பாவை முதலில் பார்த்தது எங்களில் யாருமில்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பிய ஓர் அப்பத்தா. வயது எழுபத்தைந்துக்குக் குறையாது. பாறைகளுக்கு நடுவில் இருந்தவரைப் பார்த்து, "என்ன தம்பி, இங்கன கெடக்க?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு அறுபத்தெட்டு. தம்பி என்று யாரும் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகிறது. வலிக்கு நடுவிலும் அது நன்றாக இருந்தது என்று சொல்லிச் சிரிக்கிறார்.

தூக்குச் சட்டியில் மிச்சமிருந்த நீச்சத்தண்ணியைக் குடிக்கக் கொடுத்திருக்கிறார். சுமந்துவந்த துண்டை மடித்துத் தலைக்கு வைத்திருக்கிறார். செல்போனில் சிக்னல் இல்லை. அப்பாவை அவரால் தூக்க முடியாது. ஊருக்குப் போய் ஆள் கூட்டிவர வேண்டும், அதற்குள் இருட்டிவிடும். அந்தப் பாறைக் காட்டில், இருட்டில், அது எந்தப் பள்ளம் என்று அவரே திரும்பி வந்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். கொஞ்ச நேரம் நின்று யோசித்திருக்கிறார். அப்புறம் "செவல, வாடி" என்று ஓர் ஆட்டைக் கூப்பிட்டு, அதன் கழுத்திலிருந்த மணியை அவிழ்த்து அப்பா கையில் கொடுத்திருக்கிறார்.

"இருட்டினதுக்கு அப்புறம் அடி. ஆடு ஆட்டுற மாதிரி சும்மா ஆட்டாத. மூணு தட்டு, ஒரு நிறுத்தம். மூணு தட்டு, ஒரு நிறுத்தம். தூங்கிறாத."

அவ்வளவுதான். ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு ஊரைப் பார்த்து நடந்துவிட்டார்.

அப்பா வாத்தியாராக இருந்தவர். மூணு தட்டு என்றால் மூணுதான் தட்டுவார். ஆறரை மணியிலிருந்து எட்டரை மணிவரை, சரியாக இரண்டு மணி நேரம், கையை மாற்றி மாற்றித் தட்டியிருக்கிறார்.

இதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. தேடிப்போன பையன்களில் ஒருவர்தான் பிறகு விளக்கினார். அந்தப் பள்ளத்தில் கத்திக் கூப்பிட்டால் இரண்டு பக்கப் பாறையிலும் பட்டு எதிரொலிக்குமாம். ஆள் எந்தப் பக்கம் என்று தெரியாது. நாங்கள் "அப்பா, அப்பா" என்று கத்தியதே அவர்களுக்கு இடைஞ்சலாக இருந்திருக்கிறது. சும்மா இருங்கக்கா என்று என்னை ஒரு தம்பி அதட்டியதன் காரணம் அதுதான். (அன்று அவர்மேல் கோபப்பட்டேன். மன்னிக்க வேண்டும்.) மணிச் சத்தம் மெல்லியது, ஆனால் காது வைத்துப் போனால் இழுத்துக்கொண்டு போகும். இன்னொன்று, ராத்திரி எட்டு மணிக்கு ஆடெல்லாம் பட்டியில் இருக்கும். தப்பி மேய்கிற ஆடாக இருந்தால் மணிச் சத்தம் நகர்ந்துகொண்டே இருக்கும். "இது நகரலக்கா. மூணு மூணா ஒரே எடத்துல நின்னு கேட்டுச்சு. அப்பவே அய்யாதான்னு தெரிஞ்சுபோச்சு" என்றார் அவர். இவ்வளவையும் அந்த அப்பத்தா இரண்டு நிமிஷத்தில் யோசித்திருக்கிறார். நாங்கள் இருபத்தோரு பேர் விசில், பவர் பேங்க், வரைபடம் எல்லாம் வைத்திருந்தோம். அப்பாவின் விசில் என் பையில் இருந்தது.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஒவ்வொருவராகச் சொன்னால் இந்த மடல் முடியாது. பக்கத்து ஊர் மஞ்சுவிரட்டுக்குப் போய் அலுத்து வந்து படுத்திருந்த பையன்கள் எழுந்து வந்தார்கள். கட்டிலைக் கழற்றி அதன் சட்டத்தில் அப்பாவைத் தூக்கிவந்த ஆறு பேர், மூடிய கடையைத் திறந்து பால் காய்ச்சிக் கொடுத்த டீக்கடை அண்ணன், 108 வண்டி ஓட்டுநர், ஆஸ்பத்திரியில் அன்றிரவு என்னையும் ஒரு நோயாளி மாதிரி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த நர்ஸ் அக்கா, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் விடியும்வரை கூடவே இருந்த என் நடைக்குழு, எல்லோருக்கும் நன்றி. அப்பாவைச் சிறுத்தை அடித்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் போட்ட முகம் தெரியாத நண்பருக்கும் நன்றி. அதைப் பார்த்துத்தான் இன்னும் எட்டுப் பேர் கம்போடு வந்தார்களாம்.

யாரும் யாரையும் கூப்பிட்டதாக எனக்குத் தெரியவில்லை. அப்பத்தா சொன்னது ஒரு வீட்டில்தான். கால்மணி நேரத்தில் கண்மாய்க் கரையில் நாற்பது டார்ச் நின்றது. இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கில் நடந்த மக்கள் இவர்கள். அந்த மாதமே சுரங்க ஏலம் ரத்தானது. அப்போது ரோட்டோரத்தில் நின்று போட்டோ எடுத்தவள் நான். மலைக்காக அப்படி நடந்தவர்கள், அதே மலையில் மாட்டிக்கொண்ட யாரோ ஒரு டவுன்காரருக்காகவும் எழுந்து வருவார்கள் என்று அன்று நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

நாலு நாள் கழித்து, வியாழக்கிழமை, மணியைத் திருப்பிக் கொடுக்க நானும் தம்பியும் போனோம். புடவை, பழம், வெற்றிலை எல்லாம் வாங்கிக்கொண்டுதான் போனோம். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து புளி அரிந்துகொண்டிருந்தார். தட்டைப் பார்க்கவில்லை. "மணியக் கொண்டாந்தியா?" என்றுதான் கேட்டார்.

அவர் உள்ளே போனபோது பக்கத்து வீட்டு அக்கா மெல்லச் சொன்னார். அந்த மணிச் சத்தத்துக்குத்தான் மற்ற ஆடுகள் செவலையின் பின்னால் வருமாம். அன்றைக்கு மணி இல்லாமல் ஆடுகள் கலைந்து, இரண்டு குட்டிகள் ராத்திரி பட்டிக்கு வரவேயில்லை. விடிந்ததும் அப்பத்தா தனியாகப் போய்த் தேடியிருக்கிறார். ஒன்று சுனைப் பக்கம் கிடைத்தது. இன்னொன்று ஒருவர் வயலில் உளுந்தை மேய்ந்துகொண்டு நின்றது, அதற்கு வயல்காரரிடம் நல்ல ஏச்சு. நாங்கள் அந்த நாலு நாளும் மணியை ஆஸ்பத்திரிப் பையில் அப்பாவின் கண்ணாடியோடு போட்டு வைத்திருந்தோம். அது ஒருவருடைய பிழைப்புக்கு வேண்டிய சாமான் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஞாபகப்பொருள் மாதிரி நினைத்துவிட்டோம். உளுந்துக்குப் பணம் கொடுக்கிறேன் என்று நான் பேச்செடுத்தபோது அப்பத்தா பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அப்பத்தா பேரைக் கேட்டேன். நன்றி மடல் எழுதப்போகிறேன், பேர் போட வேண்டும் என்றேன்.

"பேரப் போட்டு என்ன செய்யப் போற? ஊருக்குள்ள நாலு பேரு வந்து, நீ என்ன வாங்குனன்னு கேக்கவா? எழுதணும்னா ஆட்டுப் பேர எழுது. அதோட மணிதான."

கழிஞ்சமலைக் குகையின் நெற்றியில் இரண்டு தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்றை 1971இல் கண்டுபிடித்தார்கள், மற்றொன்றை 2003இல். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்து. இரண்டும் சொல்வது ஒரே விஷயம்தான், இந்தக் குகையைக் கொடுத்தது இன்னார் என்று. ஒருவர் நெல்வேலிக்காரர், இன்னொருவர் இலஞ்சிக்காரர். சமண முனிவர்கள் மழையில் நனையாமல் படுக்க இடம் செய்து கொடுத்தவர்கள். கொடுத்தவர் பேரைக் கல்லில் வெட்டியதால்தான் இன்றைக்கும் நான் போய் நின்று, "பார்த்தீங்களா" என்று கையை நீட்டி விளக்குகிறேன். அதே மலையடியில் ஒருவர் மழைக்கு ஒதுங்க இடம் மாதிரி ஒரு மணியைக் கொடுத்துவிட்டு, பேர் வேண்டாம் என்கிறார். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். அவர் சொன்ன காரணத்தை என்னால் மறுக்க முடியவில்லை, ஆனாலும் வருத்தம்தான். வெட்டினவர்கள் பெருமைக்கு வெட்டினார்கள் என்றும் நான் நினைக்கவில்லை. வாங்கிக்கொண்டவர்கள்தான் மனசு கேட்காமல் வெட்டி வைத்தார்களோ என்னவோ. அந்த முனிவர்களின் நிலைமை எனக்கு இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது.

சரி, அவர் பேச்சை மீறவில்லை. இந்த மடலில் உள்ள ஒரே பேர் செவலையுடையது. செந்நிற வெள்ளாடு, இடது காதில் ஒரு வெட்டு, நான் போனபோது என் பையிலிருந்த வாழைப்பழத்தைத் தோலோடு தின்றது. செவலைக்கு என் குடும்பத்தின் சார்பில் நன்றி.

நடைக்குழுவினருக்கு ஒரு வார்த்தை. அடுத்த நடையிலிருந்து நான் கடைசி ஆளாகத்தான் வருவேன். குடைவரையையும் கல்வெட்டையும் வேறு யாராவது விளக்கட்டும். ஒவ்வொருவர் விசிலும் அவரவர் கழுத்தில்.

மணியை அன்று கொடுக்க முடியவில்லை. அப்பத்தா அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார். "நாக்குக் கழண்டிருக்கே. அந்தத் தம்பி என்னா அடி அடிச்சிருக்கு!" இரண்டு மணி நேரம் மூணு மூணாகத் தட்டியதில் உள்ளே கொக்கி தேய்ந்து, நாக்கு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. சரிபண்ணிக் கொண்டுவருகிறேன் என்று வாங்கிவந்தேன். அதுவரைக்கும் செவலை கழுத்தில் கட்ட, என் தம்பி தன் சைக்கிள் மணியைக் கழற்றிக் கொடுக்கலாமா என்று கேட்டான். அப்பத்தா முதல்முறையாகச் சிரித்தார். வேறு ஒரு பழைய மணியை உள்ளேயிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டார், சத்தம் பத்தாது என்று சொல்லிக்கொண்டே.

பாத்திரப் பட்டறையில் புதுக் கொக்கி போட்டாயிற்று, முப்பது ரூபாய். இரண்டு நாளாக அப்பாவின் கட்டில் பக்கத்தில்தான் இருக்கிறது. காப்பி வேண்டுமென்றால் மூணு தட்டு, ஒரு நிறுத்தம். அம்மா அடுப்படியிலிருந்து "வர்றேன், வர்றேன்" என்கிறார். நாளைக் காலையில் கொண்டுபோகிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார், கார் போகிற தூரம் வரைக்கும்.